இருபது தெத்ரி

சுமை கணக்கிடுவது என் பிழைப்பு.
எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும்
கண் முதலில் தேடுவது விரிசலைத்தான்.

உப்லிஸ்திகேயில் மலையைக் குடைந்து ஒரு கூடம்.
அண்ணாந்தால் கூரையில் மர உத்தரங்கள்.
மரமில்லை, கல்.
தாங்குவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில்
தாங்குவதுபோல் செதுக்கியிருக்கிறான் ஒருவன்.
மரவீட்டிலிருந்து குகைக்கு வந்தவனோ என்னவோ,
உத்தரமில்லாத கூரைக்கடியில்
தூக்கம் பிடித்திருக்காது.

ஜ்வாரி தேவாலயத்தில் காற்று என்னைத் தள்ளியது.
கீழே இரண்டு ஆறுகள் கூடிவிட்டு
கொஞ்சதூரம் நிறம் சேராமல் ஓடின,
புதுச் சம்பந்திகள்போல.

உஷ்குலியில் மழை.
பகையாளி வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும்
கோபுர வீடுகள்.
ஒன்றின் வாசலில் பசு நின்றது.
நான் போகும்வரை அது நகரவில்லை.

திபிலிசியில் மூன்று நாள்.
பூமிக்குள்ளிருந்து பாதி எழுந்த
குளியலறைக் குவிமாடங்கள், முட்டை நாற்றத்தோடு.
குழந்தை கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிவிட்டு
பால் குடிக்க ஓடியதுபோல் ஒரு சோவியத் அமைச்சகம்;
இப்போது வங்கி.
இரவில் மினுக்கும் கண்ணாடிப் பாலம்.
நன்றாகத்தான் இருந்தது,
ஆற்றைத்தான் பார்க்கவிடவில்லை.

கடைசி நாள் நுத்சுபிட்ஸே மேடு.
மூன்று அடுக்குமாடிகளை
அந்தரத்தில் பாலம் போட்டுக் கோத்திருக்கிறார்கள்.
மேலே போக லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
இந்த நாட்டுப் பணத்துக்குப் பெயர் லாரி.
என்னிடம் இருபது லாரி, ஒரே தாளாக.
பெட்டிக்குத் தாள் தெரியாது.
தக்காளிப் பையோடு வந்தவள்
இருபது தெத்ரியைப் போட்டுவிட்டு
ஏறு என்று முகவாயால் சொன்னாள்.

பாலத்தில் நின்று படமெடுத்தேன்.
எதிர்க் கட்டடத்தின் முதுகில்
ஆளாளுக்கு ஒட்டவைத்த அறைகள்,
தகரம், பலகை, ஒன்றில் பேருந்து ஜன்னல்.
தக்காளிக்காரி என் திரையைத் தொட்டாள்.
பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.
பேருந்து ஜன்னல் அவளுடையது.

பெயர் லமாரா.
வேலையும் மின்சாரமும் ஒன்றாகப் போன குளிர்காலத்தில்
கணவன் ஓதியா கட்டிய அறை.
அவன் இப்போது போலந்தில் டிரக் ஓட்டுகிறான்.
என் தொழிலைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன்.
என் கைகளைப் பார்த்துச் சிரித்தாள்.
மூட்டை தூக்குபவள் என்று வந்திருக்கிறது.
இரண்டாம் முறை புரிந்தது.
சிரிப்பு நின்றது.
கைப்பேசி கேட்டது: "இது நிற்குமா?"

நான் வாசற்படியைத் தாண்டவில்லை.
ஒன்றரை மீட்டர் வெளியே நீட்டம்,
துருவேறிய இரும்புக் கோணங்கள்,
ஓரத்தில், விளிம்போடு விளிம்பாக,
ஊறுகாய்ப் புட்டிகள் நிறைந்த பெரிய ஃப்ரிட்ஜ்.

ஃப்ரிட்ஜை உள்ளே கொண்டுவரலாம் என்றேன்.
அந்த நாட்டின் கட்டடக்கலைக்கு
என்னால் ஆனது அவ்வளவுதான்.
புட்டிகளை எடுத்து, இருவரும் இழுத்தோம்.

பின்னாலிருந்த சுவரில் பென்சில் எழுத்து.
லமாரா அதைப் பார்த்ததே இல்லையாம்.
கொக்கி கொக்கியான எழுத்துகளில் விரல் வைத்து வாசித்தாள்:
கட்டில். இரண்டு குழந்தைகள். விறகடுப்பு. நான். லமாரா.
பனி.
பனியையும் கூட்டியிருக்கிறான்.
கூட்டி, அடிக்கோடிட்டு,
மொத்தத்தை இரண்டால் பெருக்கியிருக்கிறான்.
நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்தது அது.

படமெடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது:
"அங்கே ஃப்ரிட்ஜ் வைக்கச் சொன்னது யார்?"

பிறகு அந்த அறையில் உட்கார்ந்து
தக்காளியும் உப்பும் தின்றோம்.
போகும்போது பென்சிலைக் கொடுத்து
என் பெயரையும் எடையையும் எழுதச் சொன்னாள்.
இரண்டு கிலோ குறைத்து எழுதினேன்.
அடித்துவிட்டு
சரியாக எழுதினேன்.

இறங்குவதற்கு லிஃப்ட் காசு கேட்கவில்லை.